சாவி, அட்டை, நடுவில் ஒரு குமாஸ்தா

போன மாசம் என் சம்பளத்துல அரை நாள் பிடிச்சுட்டாங்க. நான் ஆபீஸ்லதான் இருந்தேன். அன்னைக்கு மதியம் டீம் மாறி, புது ஊழியர் எண் கிடைச்சுது. டேட்டாபேஸ்ல பழைய எண்ணே இருந்திருக்கு. வருகைப் பதிவு சாஃப்ட்வேர் அனுப்பின நேரத்துக்கு ஆள் கிடைக்கல. உடனே சம்பளக் கணக்குல "ஆப்சென்ட்". எல்லாம் ஆட்டோமேஷன், யார் கையும் படல.

இந்த இணைப்புக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1888-ல், நியூயார்க் மாகாணத்தின் ஆபர்ன் ஊரில், வில்லார்ட் பண்டி என்ற நகைக்கடைக்காரர் ஒரு கடிகாரம் உருவாக்கினார். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் எண் போட்ட சாவி. செருகினால் எண்ணும் நேரமும் காகித நாடாவில் அச்சாகும். அதே காலத்தில் ஹெர்மன் ஹாலரித், துளையிட்ட அட்டைகளை எண்ணும் இயந்திரம் செய்தார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை அதில்தான் கூட்டினார்கள். பண்டி வழிவந்த கடிகாரத் தொழிலும் ஹாலரித்தின் கம்பெனியும் 1911-ல் ஒரே நிறுவனத்துக்குள் வந்தன. 1924-ல் அதன் பெயர் ஐபிஎம் ஆனது. ஆமாங்க, அதே ஐபிஎம்தான்!

ஆனா அந்தக் கடிகாரத்துக்கும் சம்பளப் பேரேட்டுக்கும் நடுவுல ஒரு குமாஸ்தா இருந்தார். நேரத்தைப் படிச்சு, கூட்டி, எழுதணும். அவரும் தப்பு பண்ணுவார், முதலாளி பக்கம் சாய்வார். அவரை நல்லவர்னு சொல்ல வரல. ஆனா அவர் மேசை முன்னாடி போய் நின்னு, "நான் வந்திருந்தேன் சார்"னு சொல்லலாம்.

நான் டிக்கெட் போட்டிருக்கேன். அதுக்கும் ஆட்டோமேட்டிக் பதில்தான் வந்திருக்கு.