வணிக விமானி பயிற்சி வழிகள் (இந்தியா)

இந்தியாவில் சம்பளத்துக்கு விமானம் ஓட்ட, விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. வழங்கும் வணிக விமானி உரிமம் வேண்டும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம். 200 மணி நேரப் பறத்தல். இதில் 100 மணி நேரம் தானே பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும். 300 கடல் மைல் நீண்ட பயணம் ஒன்றும் உண்டு.

வழிகள் மூன்று. முதலாவது, உள்நாட்டுப் பயிற்சிப் பள்ளி. இவற்றில் பெயர்பெற்றது உத்தரப் பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி. நுழைவுத் தேர்வு உண்டு. மழைக்காலத்தில் மேகம் தாழ்ந்தால் மாணவர் பறத்தல் நேரத்தைக் குறிக்கும் லாக் புக்கோடு கொட்டகையில் காத்திருப்பார், மணிக்கணக்கு நகராது. இரண்டாவது, வெளிநாட்டுப் பயிற்சி: அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் பறத்தல் மணிநேரம் விரைவாகச் சேரலாம். ஆனால் அங்கே பெற்ற உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற இங்கே தேர்வெழுதியாக வேண்டும். மூன்றாவது, விமான நிறுவனங்களின் கேடட் திட்டம்: ஏர்பஸ் ஏ320 போன்ற ஒரு ரகத்துக்கான பயிற்சிவரை ஒரே தொகுப்பு. செலவு பெரும்பாலும் மாணவர் தலையில்தான். வேலையும் நிபந்தனைக்கு உட்பட்டதே.

எந்த வழியானாலும் முதல் வகுப்பு மருத்துவச் சான்று கட்டாயம். கட்டணம் கட்டிய பிறகு நிறக்குருடு தெரியவருவது கொடுமை. பரிசோதனையை முதலில் முடிப்பதே புத்திசாலித்தனம்.