இந்துஸ்தான் கான்டெசா: எஞ்சின், கியர் மாற்றங்களின் வரலாறு

இந்துஸ்தான் கான்டெசா என்பது இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1984 முதல் 2002 வரை தயாரித்த பெரிய மகிழுந்து ஆகும். இதன் உடற்கூடு பிரித்தானிய வாக்ஸால் விஎக்ஸ் காரிலிருந்து பெறப்பட்டது.

தொடக்க எஞ்சின்

முதல் வண்டிகளில் அம்பாசடரின் 1,489 சிசி பிஎம்சி பெட்ரோல் எஞ்சினும் 4 கியர்களும் இருந்தன. சுமார் 50 குதிரைத்திறன் கொண்ட அந்த எஞ்சின் கனமான உடலை இழுக்கத் திணறியது. நெடும்பயணத்துக்கு ஏற்ற தோற்றம் இருந்தும் வேகம் இல்லை என்பதே பரவலான குறை.

இசுசு எஞ்சின்

1980களின் பிற்பகுதியில் இசுசுவின் 1,817 சிசி பெட்ரோல் எஞ்சினும் 5 கியர் பெட்டியும் சேர்ந்தே வந்தன. திறன் ஏறத்தாழ 88 குதிரைத்திறனாக உயர்ந்தது. ஐந்தாம் கியரில் அதே வேகத்துக்கு எஞ்சின் குறைந்த சுழற்சியில் ஓடும். இரைச்சலும் எரிபொருள் செலவும் குறையும். ஆனால் இழுவை குறைந்த எஞ்சினுக்கு அந்தக் கியர் பயன்படாது. மேட்டில் உடனே கீழ்க்கியருக்கு இறங்க வேண்டிவரும். எனவே கியரை மட்டும் மாற்றுவது தீர்வாகாது. பின்னர் 2.0 லிட்டர் இசுசு டீசல் எஞ்சினும் வந்தது.

இன்றைய நிலை

பழைய வண்டிகளில் இசுசு எஞ்சின் பொருத்துவோர் உண்டு. வேறு வகை எஞ்சினைப் பொருத்த, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி பதிவு அலுவலரின் ஒப்புதல் தேவை. 2021ஆம் ஆண்டு விதித்திருத்தப்படி, 50 ஆண்டுகள் கடந்தும் எஞ்சின், உடற்கூடு ஆகியவற்றில் பெரிய மாற்றமில்லாத வண்டியே 'விண்டேஜ்' எனப் பதியப்படும். முதல் கான்டெசாக்கள் 2034இல் அவ்வயதை எட்டும். ஆகவே கழற்றிய பழைய எஞ்சினைப் பாதுகாத்து வைப்பது நல்லது.