வெண்குஷ்டம் என்று சொல்லாதீங்க: ஒரு பெயரின் வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் கடைசி மணி அடித்த பிறகும் உங்களைப் பிடித்து உட்கார வைத்தவள்தானே, இன்றைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நம் சொந்தத்தில் ஒரு சம்பந்தம் நிச்சயதார்த்தம் வரை வந்து நின்றுபோனது. பெண் படித்தவள், நல்ல வேலையில் இருக்கிறாள். ஜாதகம் பொருந்தியது, பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்தாயிற்று. அப்போதுதான் பெண்ணின் அம்மாவுக்குக் கையிலும் உதட்டோரத்திலும் வெள்ளைத் திட்டு இருப்பதை யாரோ போய்ச் சொன்னார்கள். மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி: "வெண்குஷ்டம் உள்ள குடும்பமாக்கும், நமக்கு வேண்டாம்."

சொன்னவர் எனக்கு நெருங்கிய உறவு. அவரிடம் மட்டும் போனில் பேசியிருக்கலாம். ஆனால் அதே தப்பை ஒரு காலத்தில் நானும் செய்தவள். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

1985 என்று நினைவு. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. வாயோரத்திலும் விரல் நுனிகளிலும் பால் போல வெள்ளைத் திட்டுகள். சத்துணவு தொடங்கிய புதிது. மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்று பயந்து அவளுடைய தட்டின் அடியில் சிவப்பு பெயிண்டால் ஒரு பொட்டு வைத்தேன். வரிசையில் கடைசியாக நிற்கச் சொன்னேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆசிரியர் பயிற்சியில் உடல்நலப் பாடம் படித்துத் தேறியவள் நான். ஒரு நாள் அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். தட்டைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

அந்த ஆண்டே தொழுநோய் ஆய்வாளர் ஒருவர் பிள்ளைகளைப் பரிசோதிக்க வந்தார். தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் 1983-இல் வந்த பிறகு பள்ளிகளுக்கு இப்படி வருவார்கள், உங்களில் பலருக்கு ஓர்மை இருக்கும். நான் அந்தச் சிறுமியை முதல் ஆளாக முன்னால் நிறுத்தினேன். அவர் பஞ்சைத் திரித்து, அவளைக் கண்ணை மூடச் சொல்லி, வெள்ளைத் திட்டின் மேல் மெல்லத் தொட்டார். "இன்னா, இங்க தொட்டிய சார்" என்று விரலை வைத்துக் காட்டினாள். நாலைந்து இடம் தொட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"டீச்சர், தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி குறைந்திருக்கும், இப்படிப் பால் வெள்ளையாகவும் இருக்காது. இது வேறே. தொட்டா ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது" என்றார். அன்று சாயங்காலம் அந்தத் தட்டின் பொட்டைச் சுரண்டி எடுத்தேன். முழுசாகப் போகவில்லை.

எனக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அந்தத் திட்டுகளைப் பார்த்து வந்ததல்ல, பெயரைக் கேட்டு வந்தது. வெண்குஷ்டம் என்ற சொல்லில் குஷ்டம் இருக்கிறதே. அந்தப் பெயர் எப்படி ஒட்டியது என்று பிறகு தேடிப் படித்தேன்.

பழைய ஆயுர்வேத நூல்களில் 'குஷ்டம்' என்பது ஒரே ஒரு நோயின் பெயர் அல்ல. தோலில் வரும் பலவகை நோய்களுக்குப் பொதுப்பெயர். பதினெட்டு வகை என்று கணக்குச் சொல்வார்கள். வெள்ளைத் திட்டுக்குக் கிலாசம், சுவித்ரம் என்று தனிப் பெயர்களே இருந்தன. சுஸ்ருத சம்ஹிதை கிலாசத்தையும் குஷ்டத்தின் ஒரு வகையாகப் பேசினாலும், அது தோலோடு நின்றுவிடும், சீழ் நீர் வடியாது என்று பிரித்துக் காட்டுகிறது. சித்த வைத்தியத்தில் வெண்படை என்ற சொல் இருக்கிறது. மலையாளத்தில் வெள்ளப்பாண்டு, நம் பக்கத்துப் பெரியவர்கள் வாயிலும் 'பாண்டு' வரும். இத்தனை சொல் இருந்தும், குஷ்டம் என்ற பொதுப்பெயர் காலப்போக்கில் தொழுநோயைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கியபோது, வெள்ளைத் திட்டு பாவம், அதே பெயருக்குள் மாட்டிக்கொண்டது.

இந்தக் குழப்பம் நம் நாட்டில் மட்டும் நடந்ததல்ல. பைபிளின் லேவியராகமத்தில் எபிரேய மொழியில் உள்ள 'சாராத்' என்ற சொல்லும் பலவகைத் தோல் குறைகளைக் குறிக்கும் பொதுச்சொல். துணியிலும் வீட்டுச் சுவரிலும் வருவதற்குக்கூட அதே சொல்தான். அது கிரேக்கத்துக்குப் போனபோது 'லெப்ரா' ஆனது, பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் குஷ்டரோகம் ஆனது. ஆனால் அதே லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தில், தோலில் மங்கலான வெள்ளைத் தழும்பு வந்தவன் தீட்டில்லாதவன் என்றும் ஒரு வசனம் இருக்கிறது. ஒதுக்குவதற்கு அந்த அதிகாரத்தைக் காட்டுகிறவர்கள் அந்த வசனத்தையும் படிக்க வேண்டும்.

தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்பதை நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டது 1873-இல். அதற்கு முன்பே நம் மாவட்டத்தில் நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிவிட்டது. 1838-இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே ஆரம்பித்து வைத்த பணி அது. பின்னாளில் எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் டாக்டர் அங்கேதான் பல வருடம் வேலை பார்த்தார். தொழுநோயாளிகளுக்குத் தனி இல்லமும் அந்தப் பணியோடு இருந்தது. அந்த நோயையும் அதற்கான பயத்தையும் நம் ஊர் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறது.

சட்டமும் பயந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1898-இல் தொழுநோயாளிகளைப் பிரித்து வைக்கச் சட்டம் போட்டார்கள். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக இருந்தது. அதை எடுத்தது 2019-இல்தான். இந்தச் சட்டங்களில் வெள்ளைத் திட்டுக்கு இடமே இல்லை. ஆனால் கல்யாணப் பேச்சில் யார் சட்டப் புத்தகத்தைப் பார்க்கிறார்கள்? பெயரில் குஷ்டம் இருந்தால் போதும்.

சரி, இது உண்மையில் என்ன? நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைச் செய்ய மெலனோசைட் என்ற செல்கள் தோலில் இருக்கின்றன. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே தப்பாகப் போய் இந்தச் செல்களைத் தாக்கினால், அந்த இடம் வெளுத்துப்போகும். டாக்டர்கள் விட்டிலிகோ என்பார்கள், லூக்கோடெர்மா என்பதும் உண்டு. உலகில் நூறு பேரில் ஒருவர் அளவுக்கு இருக்கிறது. பாதிப் பேருக்கு இருபது வயதுக்குள் தொடங்கிவிடும். கிருமி இல்லை, அதனால் தொற்றாது. பரம்பரைக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் பெற்றோருக்கு இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. மீன் தின்றுவிட்டுப் பால் குடித்தால் பாண்டு வரும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சாளையும் அயிலையும் தின்னாத வீடு நம் கடற்கரைப் பக்கம் உண்டா? அந்தப் பேச்சுக்கு மருத்துவ ஆதாரம் இல்லை.

வைத்தியத்தின் கதையும் பழையதுதான். வெள்ளைத் திட்டுக்கு மருந்தாக ஒரு கருத்த மூலிகையை வேண்டும் பாடல் அதர்வ வேதத்தில் இருக்கிறது. நம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் கார்போகரிசியைப் பூசி வெயில் காட்டுவது பழைய முறை. எகிப்தில் வேறொரு செடியின் விதையைக் கொடுத்து வெயிலில் உட்கார வைத்ததை 13-ஆம் நூற்றாண்டில் இப்னு அல் பைதார் எழுதி வைத்திருக்கிறார். இரண்டிலும் வேலை செய்வது சோராலென் என்ற ஒரே வகைப் பொருள். 1933-இல் ஜோயிஸ், மஞ்சுநாத் முதலான இந்திய வேதியியலர்கள் கார்போகரிசியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். 1948-இல் எகிப்து மருத்துவர் எல் மோஃப்டி, அந்த ஊர்ச் செடியிலிருந்து எடுத்த மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார்.

ஆனால் இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள் மக்களே. சோராலென் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். அளவு தவறினால் வெந்து கொப்புளம் போடும். யாரோ சொன்னதைக் கேட்டுப் பூசி உச்சி வெயிலில் நின்று, வெள்ளையோடு தழும்பும் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது வெயிலுக்குப் பதில் அளந்து கொடுக்கும் ஒளி இருக்கிறது. 1997-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் 311 நானோமீட்டர் புறஊதாக் கதிரால் நிறம் திரும்புவதைக் காட்டினார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்று பல மாதம் பொறுமையாகப் போக வேண்டும். பூசும் களிம்புகள் உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் பரவாமல் நிற்கும் திட்டுக்குத் தோல் ஒட்டும் சிகிச்சையும் உண்டு. 2022-இல் ருக்சோலிடினிப் என்ற களிம்புக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. முகத்தில் நிறம் சீக்கிரம் திரும்பும்; விரல் நுனியிலும் உதட்டிலும் கஷ்டம். "முழுக்கக் குணமாக்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே காட்டுங்கள். தைராய்டையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்வார்கள். எந்த வைத்தியமும் வேண்டாம், இப்படியே இருக்கிறேன் என்றாலும் உயிருக்கு ஒன்றும் ஆகாது.

இனி பெயருக்கு வருகிறேன். சென்னையில் கி. உமாபதி என்பவர் வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கம் என்று ஒன்றை நடத்தி, வெண்குஷ்டம் என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்று விடாமல் கேட்டார். தமிழ்நாடு அரசும் அதை ஏற்று 'வெண்புள்ளி' என்றே சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டது. அரசு மாற்றிவிட்டது, நம் வீட்டுக் குழுவில் இன்னும் மாறவில்லை.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "இது குஷ்டம் இல்லை, அதனால் ஒதுக்காதே" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், தொழுநோய் வந்தவரை ஒதுக்கலாம் என்று ஆகிவிடும். அதுவும் தப்பு. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைச் சொன்ன பிறகு, தொழுநோய் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ குணமாகிவிடும் நோய். மருந்து இலவசம். ஒதுக்குவதற்கு அங்கேயும் காரணம் இல்லை.

அந்தச் சிறுமிக்கு இப்போது ஐம்பதை நெருங்கும் வயது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பேரும் ஊரும் சொல்ல மாட்டேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் ஒரு திட்டும் இல்லை. போனில் நான் மன்னிப்புக் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "பொட்டு வச்ச தட்டு ஓர்மை இருக்கு டீச்சர். நீங்க அத சுரண்டுனதும் ஓர்மை இருக்கு. அத நான் ஜன்னல் வழியா பாத்தேன்."

நாற்பது வருடமாக எனக்குத் தெரியாது, அவள் பார்த்தாள் என்று.

குரல் செய்தி அனுப்பிய என் உறவுக்காரரே, கோபப்படாமல் இதை இரண்டு தடவை படியுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வீட்டுக்கு நான் போகிறேன். அந்த அம்மா போடும் காப்பியைக் குடித்துவிட்டு, நம் குடும்பத்தின் சார்பாக வருத்தம் சொல்லிவிட்டு வருவேன். சம்பந்தம் மறுபடி பேசுவதும் பேசாததும் அவர்கள் இஷ்டம். நீங்களும் கூட வந்தால் நல்லது. காலை பத்து மணிக்குக் கிளம்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்