புகைபோக்கி: மழை மிகுந்த மலை வீடுகளில் பழுதும் பாதுகாப்பும்

கணப்பில் எரியும் விறகின் புகையைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடும் செங்குத்தான கட்டுமானம் புகைபோக்கி. தமிழ்நாட்டில் உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலையூர்களின் பழைய பங்களாக்களிலும் எஸ்டேட் வீடுகளிலும் இதைக் காணலாம். இலங்கையில் நுவரெலியாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்ட பங்களாக்களிலும் உண்டு. இந்த வீடுகளில் கூரை ஒழுகுகிறது என்று ஓடு மாற்றியும் ஒழுக்கு நிற்காவிட்டால், தண்ணீர் பெரும்பாலும் புகைபோக்கி வழியாகத்தான் வருகிறது. மற்றச் சுவர்களைக் கூரையின் இறவாரம் மழையிலிருந்து மறைக்கிறது. புகைபோக்கிக்கு அந்த மறைவு இல்லை. நான்கு பக்கமும் உச்சியும் நனைகின்றன, உட்புறத்தில் புகையின் ஈரமும் படிகிறது. நனைவதைத் தடுக்க முடியாத ஒரு கட்டுமானத்தில், உள்ளே போன நீர் வெளியே காய்ந்து போக வழி வைப்பதே பழுதுபார்ப்பின் அடிப்படை.

பின்னணி

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் உதகையில் கட்டிய கல் பங்களாவின் வேலை 1822-இல் தொடங்கியது. இன்று அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றதே 1824-இல்தான். அது மலைக்கு வந்து சேர இன்னும் பல காலம் ஆனது. ஆகையால் நீலகிரியின் பழைய புகைபோக்கிகளின் செங்கல்லையும் கல்லையும் பிணைத்திருப்பது சுண்ணாம்புக் காரை. செங்கலை இடித்துச் சலித்த சுர்க்கியைச் சுண்ணாம்போடு சேர்ப்பதும் அக்கால வழக்கம். சுர்க்கி சேர்ந்த காரை ஈரத்திலும் இறுகும். 1865-இல் மங்களூரில் பாசல் மிஷனின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு மங்களூர் ஓடு மலைக் கூரைகளுக்கும் வந்தது. நெளிதகரக் கூரைகளும் பெருகின.

மழை எந்தத் திசையில் அடிக்கிறது என்பதை வைத்தே பழுது எந்த முகத்தில் தொடங்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே புகைபோக்கியின் மேற்கு முகத்தில்தான் காரை முதலில் உதிரும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்கு மழையே பெரிது என்பதால் கிழக்கையும் வடக்கையும் முதலில் பார்க்க வேண்டும். நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதிக் கணக்கில் ஒரே நாளில் 820 மி.மீ. பதிவானது. அப்படிப்பட்ட மழையில் நல்ல புகைபோக்கியும் கொஞ்சம் நனைந்துதான் தீரும். மழை விட்ட பிறகு எத்தனை நாளில் காய்கிறது என்பதுதான் அதன் நலத்துக்கு அளவுகோல்.

சிமெண்டுப் பூச்சின் கேடு

மலையூர்களில் மிகப் பரவலாகச் செய்யப்படும் தவறு, ஒழுகும் புகைபோக்கி முழுவதையும் சிமெண்டால் பூசி, அதன்மேல் பெயிண்ட் அடிப்பது. முதல் மழைக்கு ஒழுக்கு நிற்கும், வீட்டுக்காரரும் நிம்மதி அடைவார். பகல் வெயிலிலும் கணப்பின் சூட்டிலும் உள்ளே இருக்கும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் விரிந்து சுருங்கும்போது, இறுகிப்போன சிமெண்டுப் பூச்சு அதோடு அசைய முடியாமல் மயிரிழை அளவில் வெடிக்கிறது. அந்த வெடிப்பு மழைநீரை உறிஞ்சி உள்ளே விடுகிறது. முன்பு காரை இணைப்புகள் வழியே காற்றில் காய்ந்துபோன ஈரத்துக்கு இப்போது வெளியே போக வழியில்லை. வீட்டுக்குள் இருக்கும் சுவர்தான் மிச்சம். சில ஆண்டுகளில் பூச்சுக்குப் பின்னால் செங்கல்லின் முகம் பொடிந்து, பூச்சைத் தட்டினால் வெற்றொலி கேட்கும். பூச்சைப் பெயர்க்கும்போது செங்கல்லின் தோலும் அதோடு வருவதைப் பார்ப்பது வேதனையான காட்சி.

நிலக்கரி எரித்த பிரிட்டிஷ் வீடுகளில் இதைவிடப் பெரிய சேதம் நேர்ந்ததுண்டு. புகைக்கரியில் உள்ள கந்தகச் சேர்மங்கள் ஈரத்தில் கரைந்து சிமெண்டுக் காரையோடு வினைபுரிந்தால் காரை உப்பும். அதிகம் நனையும் பக்கம் அதிகமாக உப்புவதால் புகைபோக்கியே எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். சீகை, கற்பூர மரம் போன்ற விறகை எரிக்கும் நம் மலை வீடுகளில் அந்தச் சாய்வு அரிது. பதிலாக, ஈர விறகின் புகையிலிருந்து படியும் தார் மழைநீரில் கரைந்து சுவரில் பழுப்பாக வழிகிறது.

நீர் நுழையும் இடத்தைக் கண்டறிதல்

எதையும் உடைப்பதற்கு முன் கறையைப் படிக்க வேண்டும். கணப்பின் தரையில் நேராகச் சொட்டினால் உச்சி திறந்திருக்கிறது. கூரையும் புகைபோக்கியும் சேரும் உயரத்தில், உட்கூரையை ஒட்டி ஈரம் வளையமாகத் தெரிந்தால் இணைப்புத் தகட்டில் கோளாறு. முகப்பு முழுவதும் பரவலாக ஓதம் காத்தால் காரை இணைப்புகளோ செங்கல்லோ நீரைக் குடிக்கின்றன.

ஐயம் தீராவிட்டால் வறண்ட நாளில் தண்ணீர்க் குழாயால் சோதிக்கலாம். கீழிருந்து மேலாகப் போவதுதான் சூட்சுமம். முதலில் கூரை ஓட்டை மட்டும் நனைத்து, உள்ளே ஓர் ஆள் டார்ச் விளக்கோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சொட்டு இல்லையென்றால் இணைப்புத் தகடு, பிறகு சுவர், கடைசியாக உச்சி. உச்சியிலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்து, எந்த இடம் குற்றவாளி என்று தெரியாமல் போகும்.

பழுதுபார்ப்பு

கூரை இணைப்பில்தான் அதிகக் கவனம் தேவை. புகைபோக்கி தன் அஸ்திவாரத்தின் மேல் அசையாமல் நிற்கிறது, கூரையின் மரச்சட்டங்களோ மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்குகின்றன. இரண்டையும் சிமெண்டுக் கலவையால் ஒட்டி வைத்தால் அந்த ஓரம் ஆண்டுதோறும் பிளக்கும், ஆண்டுதோறும் தார் அடிக்க ஆள் தேட வேண்டும். சரியான முறை இரண்டு தகடுகள். ஒன்று கூரையோடு சேர்ந்து, புகைபோக்கிச் சுவரில் குறைந்தது 15 செ.மீ. உயரம் மடிந்து நிற்கும். மற்றொன்று செங்கல் இணைப்புக்குள் சுமார் 2.5 செ.மீ. ஆழம் செருகப்பட்டு, முதல் தகட்டின் மேல் கவிந்து தொங்கும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டப்படுவதில்லை. கூரை அசைந்தாலும் தகடுகள் வழுக்கிக்கொள்ளும், நீர் உள்ளே போகாது. கூரைச் சரிவில் ஏறும் பக்கங்களில் மேல் தகட்டைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியையும் ஒரு செங்கல் வரிசைக்குள் செருகுவார்கள்.

இதற்கு மிகச் சிறந்தது ஈயத் தகடு. சுமார் 1.8 மி.மீ. கனம் போதும். வெயிலில் மிகுதியாக விரிவதால் 1.5 மீட்டருக்கு மேற்பட்ட ஒரே துண்டாகப் போட்டால் கிழியும். அலுமினியத் தகட்டை ஈரமான சுண்ணாம்போ சிமெண்டோ அரித்துவிடும், ஆகவே செருகும் பகுதிக்குப் பூச்சு வேண்டும். புகைபோக்கிக்கு மேல்பக்கம், சரிவில் இறங்கி வரும் நீர் முட்டி நிற்கும் இடம் ஆபத்தானது. அங்கே இலையும் சருகும் தேங்கி அணை கட்டிவிடும். புகைபோக்கி அகலமாக இருந்தால், நீரை இருபக்கமும் பிரித்துவிடும் சிறிய கூம்புக் கூரையை அங்கே கட்ட வேண்டும். அமெரிக்கக் கட்டட விதிகள் 76 செ.மீ.க்கு மேல் அகலமுள்ள புகைபோக்கிக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

காரை இணைப்புகளுக்குப் பாயிண்டிங் செய்யும்போது, உதிர்ந்த பழைய காரையை இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்குக் கையுளியால் எடுக்க வேண்டும். கிரைண்டர் ஓடினால் வேலை விரைவாகும், ஆனால் செங்கல்லின் விளிம்பை அது தின்றுவிடும். தூசியைத் தட்டி, செங்கல்லைத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கூரான மணல் கலந்த காரையை உள்ளே அழுத்தி அடைக்க வேண்டும். மழைப் பகுதிக்கு, சுர்க்கியோ நீரில் இறுகும் சுண்ணாம்போ சேர்ந்த காரைதான் ஏற்றது. பிறகு சில நாட்கள் ஈரச்சாக்கு போர்த்தி மெல்லக் காயவிட வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கினால் காரை கெடும் என்பதால் உதகையின் உறைபனி மாதங்கள் ஆகாது. பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை உகந்த காலம்.

உச்சிமூடிப் பூச்சு நான்கு பக்கமும் வாட்டமாக இறங்கி, சுவரைவிட 5 செ.மீ.யாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். நீண்ட பகுதியின் அடியில் விரலகலப் பள்ளம் ஒன்று ஓடினால், வழியும் நீர் சுவரைத் தொடாமல் அங்கேயே சொட்டும். இந்தச் சிறு பள்ளத்தைக் கொத்தனார்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள், முகத்துச் சுவர் பாசி பிடிப்பதற்குப் பல வீடுகளில் அதுவே காரணம். அதற்குமேல் நான்கு கால் வைத்த மூடி. மூடிக்கும் உச்சிக்கும் இடையிலான திறப்பு, புகைக்குழாயின் பரப்பைவிடக் குறையக் கூடாது. பறவைக்காகக் கட்டும் வலை கரியால் அடைபடும், ஆண்டுக்கொரு முறையாவது துலக்க வேண்டும். அடைபட்ட புகைபோக்கி கார்பன் மோனாக்சைடை அறைக்குள் திருப்பிவிடும். மணமும் நிறமும் இல்லாத அந்த வாயு தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

மேற்பூச்சு ஏதாவது பூசியே ஆகவேண்டுமென்றால், நீராவியை வெளியேவிடும் சிலேன் அல்லது சிலாக்சேன் வகைத் திரவம் மட்டுமே பொருந்தும். அதுவும் எல்லாப் பழுதும் முடிந்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு.

பயன்படாத புகைபோக்கி

பல வீடுகளில் ஹீட்டர் வந்தபின் கணப்பைப் பலகையால் அடைத்து, உச்சியையும் கான்கிரீட் போட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே காற்று அசையாததால் ஈரம் தங்கி, அடைத்த பலகை பூசணம் பிடிக்கும். கீழே ஒரு காற்றுத் துளையும் மேலே மழை புகாத காற்றுமூடியும் வைத்தால் போதும்.

உப்புக்கறை

ஒழுக்கை முழுமையாக நிறுத்திய பின்னும் கணப்புச் சுவரில் ஈரக்கறை திரும்பித் தோன்றுவதுண்டு. பல ஆண்டுப் புகையிலிருந்து செங்கல்லுக்குள் ஊறிய குளோரைடு, நைட்ரேட் உப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதே காரணம். கறை மழையோடு வந்து மழையோடு போனால் நீர் இன்னும் நுழைகிறது. மழையே இல்லாமல் மூடுபனி இறங்கிய நாளில் கறுத்து, வெயில் வந்தால் மறைந்தால் அது உப்பின் வேலை. அதற்குக் கூரையில் ஏறிப் பயனில்லை. அந்தப் பகுதியின் உட்பூச்சைச் சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாகவே பெயர்த்தெடுத்து, செங்கல்லைத் துலக்கி, சில மாதம் காற்றாடவிட்டு, புதிய சுண்ணாம்புப் பூச்சு கொடுக்க வேண்டும்.