கென்னெலியின் முக்கோணம்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அது ‘கென்னெலி தேற்றம்’. பேரனின் ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் ‘ஸ்டார்–டெல்டா மாற்றம்’ என்றிருக்கிறது. ஆள் பெயரே இல்லை.

ஆர்தர் கென்னெலி 1861-இல் பம்பாய் கொலாபாவில் பிறந்தவர். 14 வயதில் பள்ளியை விட்டு, லண்டனில் தந்திப் பொறியாளர் சங்கத்தில் ஆபீஸ் பையனாகச் சேர்ந்தார். (காலமெல்லாம் ஃபைல் தூக்கிய எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.) பிறகு எடிசனிடம் உதவியாளர்.

முக்கோணமாகக் கட்டிய மூன்று மின்தடைகள் பெரிய சுற்றின் நடுவே மாட்டிக்கொண்டால் தொடர் இணைப்பு, பக்க இணைப்புக் கணக்குகள் செல்லாது. 1899-இல் அவர் சொன்ன வழி: ஒரு முனையில் சேரும் இரண்டு தடைகளைப் பெருக்கி, மூன்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த முனைக்கான நட்சத்திரக் கை கிடைக்கும். முக்கோணத்தில் மூன்றும் 30 ஓம் என்றால் நட்சத்திரத்தில் மூன்றும் 10 ஓம். எந்த இரு முனைகளுக்கிடையே அளந்தாலும் இரண்டிலும் 20 ஓம்தான். வெளிச்சுற்றுக்கு வித்தியாசமே தெரியாது.

1902-இல் அந்த ஆபீஸ் பையன் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.