பெர்கொலேட்டர் பிறந்த கதை

தொல்லை எல்லாம் மண்டியால் வந்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வீடுகளில் காபித்தூளைத் தண்ணீரில் கொட்டி அப்படியே கொதிக்க விடுவார்கள். தூள் அடியில் படியட்டும் என்று முட்டை ஓட்டையோ வெள்ளைக் கருவையோ சேர்ப்பார்கள். அப்படியும் கடைசி மடக்கில் சக்கை பல்லில் நறநறக்கும்.

ஐரோப்பாவில் இதற்கு முன்பே வழி தேடியிருந்தார்கள். அமெரிக்காவில் பிறந்து பவேரிய அரசிடம் வேலை பார்த்த விஞ்ஞானி ரம்ஃபோர்டு பிரபு, 1812இல் காபியைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். காபியைக் கொதிக்க வைத்தால் மணம் ஆவியோடு போய்விடும் என்பது அவர் கட்சி. தூளின் மேல் வெந்நீரை ஊற்றி, ஒரே முறை சொட்டு சொட்டாக இறங்க விடுவது அவர் முறை. நம் வீட்டுப் பித்தளை ஃபில்டர் செய்வதும் அதைத்தான். லத்தீனில் 'வடிகட்டு' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெர்கொலேட்டர் என்ற பெயர், முதலில் இந்த வகைப் பாத்திரத்துக்குத்தான் பொருந்தும்.

1819இல் பாரிஸ் தகரக் கொல்லர் லோரன்ஸ் அதைத் தலைகீழாக்கினார். கொதிநீரே ஒரு குழாய் வழியாக மேலேறித் தூளின் மேல் விழும்படி செய்தார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ்காரர் ஜேம்ஸ் நேசன் 1865இல் ஒரு பெர்கொலேட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று அடுப்பில் ஏறும் வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றவர் இல்லினாய் விவசாயி ஹான்சன் குட்ரிச். நாள் 1889 ஆகஸ்ட் 13.

அமைப்பு எளிது. பாத்திரத்தின் நடுவில் ஒரு குழாய். அதன் அடி, கவிழ்த்த புனல்போல் விரிந்திருக்கும். உச்சியில் தூள் நிரப்பிய துளைக்கூடை. புனலுக்குள் அகப்பட்ட நீர் முதலில் கொதிக்கும். நீராவிக் குமிழிகள் தண்ணீரைக் குழாய்க்குள் உந்தித் தள்ளும். 'குபுக்' என்று மேலே வந்து, தூளை நனைத்து, மறுபடி கீழே இறங்கும். நிறம் ஏறுவதை மூடியிலுள்ள கண்ணாடிக் குமிழில் பார்க்கலாம். மண்டித் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

ஆனால் இறங்கியது டிகாக்‌ஷன். அதுவே மறுபடி கொதித்து மேலேறுகிறது. சுற்றுக்குச் சுற்று கசப்பு கூடுகிறது. ரம்ஃபோர்டு அஞ்சியதும் இந்தக் கொதிப்பைத்தான். 1972இல் 'மிஸ்டர் காபி' மின்சாரச் சொட்டுக் கருவி கடைக்கு வந்ததும், அமெரிக்கச் சமையலறைகளில் பெர்கொலேட்டர் மெல்லப் பின்வாங்கியது.

கருவியைக் குறை சொல்வதைவிட அடுப்பைக் கவனிப்பது மேல். தூள் ரவைபோல் கொரகொரப்பாக இருக்கட்டும். மாவாக அரைத்தால் துளை வழியே இறங்கிவிடும். முதல் 'குபுக்' கேட்டதும் தீயைக் குறையுங்கள். குமிழில் சில நொடிக்கு ஒரு முறை மட்டும் காபி துள்ள வேண்டும். ஆறேழு நிமிடத்தில் இறக்கி, சக்கைக் கூடையை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளேயே விட்டால் அடுப்பை அணைத்த பிறகும் கசப்பு சொட்டிக்கொண்டிருக்கும்.