பதிவேட்டில் இடம்பெறாத குற்றம்: சித்தேரி மலையடிவாரமும் வாச்சாத்தி வழக்கும் (1992–2023)

முன்னுரை

ஒரு வாழிடத்தின் பாதுகாப்பை மதிப்பிடுவதற்கு இன்று பெரிதும் கையாளப்படுவது குற்ற வீதம் என்னும் அளவுகோலாகும். ஓராண்டில் காவல் நிலையங்களில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கை, ஓர் இலட்சம் மக்களுக்கு இத்தனை என்ற விகிதத்தில் கணக்கிடப்படுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரங்கள் இம்முறையில் அமைந்தவை. பதிவு செய்யப்பட்ட குற்றங்கள் மட்டுமே இக்கணக்கில் சேரும். பதிவு செய்யும் அதிகாரம் பெற்றோரே குற்றம் இழைத்தால் இவ்வளவுகோல் எதைக் காட்டும் என்னும் வினாவைத் தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியின் வரலாறு எழுப்புகிறது. அவ்வூரில் 1992இல் நிகழ்ந்த கொடுமைகளும் அவை வழக்காக உருப்பெற்ற முறையும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

மலையும் சந்தனமும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சித்தேரி மலை அரூர் வட்டாரத்தில் அமைந்துள்ளது. மலையிலும் அடிவாரத்திலும் வாழ்வோரில் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியினரான மலையாளி இன மக்கள். சிறு வேளாண்மையும் கால்நடை வளர்ப்பும் காட்டை ஒட்டிய கூலி வேலையும் இவர்களுடைய வாழ்வாதாரங்களாகும்.

இம்மலைக் காடுகளில் விளைந்த சந்தன மரம் அரசுக்கு வருவாயாகவும் கடத்துவோர்க்குப் பெரும் இலாபமாகவும் இருந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் வன அலுவலர்களுக்குப் பறிமுதல் செய்யவும் கைது செய்யவும் அதிகாரம் வழங்கியிருந்தது. காட்டையும் காட்டுப் பொருளையும் அரசின் உடைமையாகக் கண்ட இச்சட்ட மரபில், காட்டோரத்தில் குடியிருப்பவர் இயல்பாகவே ஐயத்திற்குரியவர் ஆனார். 1990களின் தொடக்கத்தில் சந்தனக் கடத்தலுக்கு எதிரான தேடுதல்கள் தீவிரமடைந்தபோது இந்த ஐயம் ஊர் முழுவதன் மீதும் படிந்தது.

1992 ஜூன் 20

1992 ஜூன் 20 அன்று வனத்துறையினர் 155 பேர், காவல் துறையினர் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர் என 269 அரசு ஊழியர்கள் வாச்சாத்திக்குள் நுழைந்தனர். பதுக்கப்பட்ட சந்தனக் கட்டைகளைத் தேடுவதே நோக்கம் என்று கூறப்பட்டது. ஊர் மக்கள் கடுமையாகத் தாக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன. பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். பெண்கள் 90 பேரும் குழந்தைகள் 28 பேரும் உட்பட 133 பேர் கைது செய்யப்பட்டனர்.

அன்றைய நிகழ்வு இருவேறு பதிவுகளுக்கு உரியதாக இருந்தது. கைது செய்யப்பட்டோர் மீதான சந்தன மர வழக்குகள் உடனே பதிவாயின. அவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளோ நெடுங்காலம் வழக்காகவே உருப்பெறவில்லை. எனவே அக்காலப் பதிவேட்டை மட்டும் படிக்கும் ஒருவருக்கு வாச்சாத்தி குற்றவாளிகள் நிறைந்த ஊராகவும், அரசு ஊழியர்கள் கடமையாற்றியவர்களாகவும் தோன்றியிருப்பர்.

மறுக்கப்பட்ட புகார் வழக்கான வரலாறு

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் நிகழ்வை வெளியுலகிற்குக் கொண்டுவந்தன. அரசுத் தரப்பு குற்றச்சாட்டுகளை மறுத்தது. அக்கட்சியின் தலைவர்களுள் ஒருவரான அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். பின்னர் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திற்கு வந்தது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் ஆய்வு மக்களின் கூற்றுக்கு வலுச் சேர்த்தது. 1995இல் உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. உள்ளூர்க் காவல் நிலையத்திற்கு வெளியே ஒரு பதிவேடு திறக்கப்பட்ட பின்னரே குற்றம் குற்றமாக எண்ணப்பட்டது.

சட்டம் இல்லாமையால் இத்தாமதம் நேர்ந்தது என்று கூறுவதற்கில்லை. மகாராட்டிரத்தைச் சேர்ந்த பழங்குடிச் சிறுமி மதுராவின் வழக்கில் வழங்கப்பட்ட தீர்ப்பு நாடெங்கும் எதிர்ப்பை எழுப்பியது. அதன் விளைவாக 1983இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு, காவலர்களும் பிற அரசு ஊழியர்களும் தம் பொறுப்பில் உள்ள பெண்களுக்கு இழைக்கும் வன்கொடுமைக்குக் குறைந்தது 10 ஆண்டுத் தண்டனை வகுக்கப்பட்டது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1989இல் இயற்றப்பட்டிருந்தது. 1992இல் இவ்விரு சட்டங்களும் நடைமுறையில் இருந்தன. அவற்றை இயக்க வேண்டிய முதல் தகவல் அறிக்கையின் வாயில்தான் அடைபட்டிருந்தது.

தீர்ப்புகள்

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும், அதாவது வனத்துறையினர் 126 பேர், காவல் துறையினர் 84 பேர், வருவாய்த் துறையினர் 5 பேர் என அனைவரும் குற்றவாளிகள் என அறிவிக்கப்பட்டனர். பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியான 17 பேரில் 12 பேருக்கு 10 ஆண்டும் 5 பேருக்கு 7 ஆண்டும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

மேல்முறையீடுகளை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கு நேரில் சென்று பார்வையிட்டார். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து தண்டனையை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் ஆணையிட்டது. அக்காலத்து மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்குமாறும் பணித்தது. உயர் பொறுப்பில் இருந்தோரின் கடமைத் தவறு நீதிமன்ற ஆவணத்தில் இடம்பெற 31 ஆண்டுகள் ஆயின.

முடிவுரை

குற்ற வீதம் குறைவாக உள்ள இடம் பாதுகாப்பான இடம் என்ற பொதுக் கருத்தை வாச்சாத்தி மறுக்கிறது. குறைந்த எண்ணிக்கை அமைதியைக் குறிக்கலாம். புகாரளிக்க இயலாத அச்சத்தையும் குறிக்கலாம். உயர்ந்த எண்ணிக்கையும் அவ்வாறே குற்றப் பெருக்கத்தை மட்டுமின்றி, மக்கள் தயக்கமின்றிக் காவல் நிலையம் செல்லும் நிலையையும் காட்டக்கூடும். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமெனில் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. பாலியல் குற்றப் புகாரைப் பதிய மறுக்கும் அரசு ஊழியரைத் தண்டிக்கும் பிரிவும் அதே ஆண்டு சட்டத்தில் சேர்ந்தது. இவை வாச்சாத்திப் பெண்களுக்குக் காலம் கடந்து வந்தவை. மலையூராயினும் நகரக் குடியிருப்பாயினும், அதிகாரம் உடையவர்மீது எளியவர் அளிக்கும் புகார் பதிவாகிறதா என்பதைக் கொண்டே அவ்விடத்தின் பாதுகாப்பு மதிப்பிடப்பட வேண்டும் என்பது இவ்வழக்கின் வரலாற்றால் பெறப்படும் முடிபாகும்.